வைர மூக்குத்தியும் இலவசத் தூரிகையும்

போட்டோவைத் தைலவண்ண ஓவியம்போல மாற்றும் பிளக்-இன் இன்று காசில்லாமல் கிடைக்கிறது. ஒரு காலத்தில் திருவனந்தபுரம் அரண்மனை ஓவியர்கள் பொத்திவைத்த வித்தை இப்போது கரமனையின் மேஜைக் கம்ப்யூட்டரில். ஆனால் எந்த இலவசம் நிலைக்கும், எது பாதியில் காலை வாரும்?

திருவனந்தபுரம் அரண்மனையில் 1860-களில் தைலவண்ணம் ஒரு ராணுவ ரகசியம் மாதிரி காக்கப்பட்டது. கிளிமானூரிலிருந்து 1862-ல் வந்து சேர்ந்த பதினான்கு வயது ரவிவர்மாவுக்கு நீர்வண்ணம் பழக வழி கிடைத்தது. எண்ணெயில் குழைத்த வண்ணத்தைக் கையாளும் முறையைச் சொல்லித்தர மட்டும் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் மறுத்துவிட்டார். எந்த நிறத்துக்கு எவ்வளவு எண்ணெய், ஒரு பூச்சு உலர எத்தனை நாள், அதன் மேல் அடுத்ததை எப்படி ஏற்றுவது என்கிற விவரங்கள்தான் அவருடைய பிழைப்பு. போட்டியாளரைத் தன் கையாலேயே வளர்த்துவிட அவர் தயாராக இல்லை. நாயக்கரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை, குருவுக்குத் தெரியாமல் இரவு நேரங்களில் வந்து வித்தையைக் காட்டிக்கொடுத்தார் என்கின்றன ரவிவர்மாவின் வரலாற்று நூல்கள். 1868-ல் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் தான் வரைவதைப் பார்க்க அனுமதித்தாரே தவிர, பாடம் எடுக்கவில்லை.

கோட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, களியக்காவிளை போகும் நெடுஞ்சாலையில், ஆற்றை ஒட்டி இருக்கிறது கரமனை. தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழும் அக்ரஹாரத் தெருக்கள் உள்ள பேட்டை. இப்படிப்பட்ட தெருக்களில் பல வீடுகளின் கூடத்தில் ஒரு பழைய போட்டோ தொங்கும். நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்த தாத்தா, பக்கத்தில் நின்றபடி மடிசார் பாட்டி, ஓரங்களில் பழுப்பேறிய கறுப்பு-வெள்ளை. வீட்டில் ஒரு விசேஷம் வந்தால், அதைப் பெரிதாக்கி, ஓவியம் மாதிரி செய்து, புது ஃபிரேம் போட்டு மாட்டலாமே என்று யாருக்காவது தோன்றிவிடும். முன்பெல்லாம் இதற்கு ஓவியரைத் தேட வேண்டும். பிறகு ஸ்டூடியோக்காரரைத் தேடினார்கள். இப்போது வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண்ணிடம் சொன்னால் போதும். ஒரு பிளக்-இன்னை இறக்குவாள், நாலு இடத்தில் கிளிக் செய்வாள், காபி ஆறுவதற்குள் தாத்தா தைலவண்ணத்தில் தயார்.

பிளக்-இன் என்பது தனியாக ஓடும் புரோகிராம் அல்ல. மிக்ஸியின் மோட்டார் மேல் மாட்டுகிற ஜார் மாதிரி. படத்தைத் திறப்பது, காட்டுவது, சேமிப்பது எல்லாம் மோட்டாரின் வேலை, அதாவது போட்டோஷாப் அல்லது கிம்ப் போன்ற மூல சாஃப்ட்வேரின் வேலை. சட்னியா, மாவா என்பது மட்டும் ஜாரைப் பொறுத்தது. தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990-ல் சந்தைக்கு வந்த சில வருடங்களிலேயே பிளக்-இன் விற்பனை தனி வியாபாரமாகிவிட்டது. ஆல்டஸ் நிறுவனத்தின் 'கேலரி எஃபெக்ட்ஸ்' அந்த நாளில் பிரபலம். நீர்வண்ணம், உலர்ந்த தூரிகை, ஓவியக் கத்தி என்று போட்டோவை வேஷம் மாற்றும் ஃபில்டர்கள் அதில் இருந்தன. 1994-ல் ஆல்டஸை அடோபி தன்னோடு இணைத்துக்கொண்டது. 1996-ல் வந்த நான்காவது போட்டோஷாப்பில் அந்த ஃபில்டர்கள் கூடவே சேர்ந்து வந்தன. அதுவரை தனியாகக் காசு கொடுத்து வாங்கியவர்கள் என்ன நினைத்தார்களோ.

போட்டோவை ஓவியம் என்று சொல்லி மாட்டுவது மோசடி இல்லையா என்று கேட்பவர்களுக்குத் திருவனந்தபுரத்திலேயே பதில் இருக்கிறது. 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி ரவிவர்மா விற்றவை ஓவியங்கள் அல்ல, ஓலியோகிராஃப்கள். கல் அச்சில் நிறத்தின் மேல் நிறமாக ஏற்றி அச்சிட்ட காகிதங்கள். தைலவண்ணம் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக வார்னிஷ் பூசி, சில சமயம் துணியின் நெசவுகூடப் பதியும்படி அழுத்தி எடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். பெயரிலேயே எண்ணெய் இருக்கிறது, பொருளோ அச்சுக் காகிதம்தான். அந்த லட்சுமியும் சரஸ்வதியும்தான் நாடு முழுக்கப் பூஜை அறைகளில் ஏறி உட்கார்ந்தார்கள். திருவனந்தபுரம் மியூசிய வளாகத்தில் 2023-ல் திறக்கப்பட்ட ரவிவர்மா காட்சிக்கூடத்தில் அசலைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் ஒரு நிமிடத்தில் புரியும். மற்றவர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக நகலிலேயே திருப்தியாகத்தான் இருக்கிறார்கள். பிழைப்பு போனவர்கள் பற்றிய கவலையும் கொஞ்சம் தாமதமானது. சினிமா பேனர் வரைந்தவர்களை ஃப்ளெக்ஸ் விரட்டி முடித்தபோதே கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. பிளக்-இன் வந்து விரட்ட அதிகம் பேர் மிச்சமில்லை.

உண்மையான சிக்கல் 'இலவசம்' என்ற சொல்லில் இருக்கிறது. அதற்கு நல்ல உதாரணம் அடோபியின் 'ஆயில் பெயின்ட்'. 2010-ஐ ஒட்டிய வருடங்களில் 'பிக்சல் பெண்டர்' என்ற இணைப்போடு இது இலவசமாகவே கிடைத்தது. தலைமுடியும் புல்லும் சுழிசுழியாக, ஈர வண்ணம்போல மின்னும். திருமண ஆல்பக்காரர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம். 2012-ல் போட்டோஷாப் சி.எஸ்.6-ல் ஃபில்டர் உள்ளேயே வந்தது. பழைய இலவச இணைப்பு அதோடு நின்றது. 2014 பதிப்பில் ஃபில்டரையே காணோம். பயன்படுத்தியவர்கள் கூச்சல் போட்ட பிறகு 2015-ன் கடைசியில் திரும்ப வைத்தார்கள். இதற்கிடையே 2013 முதல் போட்டோஷாப்பின் புதிய பதிப்புகள் சந்தாவுக்கு மட்டும்தான் என்றாகிவிட்டது. இந்த ஒரு ஃபில்டரை நம்பித் தொழில் நடத்தியவர், ஏறத்தாழ ஒன்றரை வருடம் பழைய பதிப்பைக் கட்டிக்கொண்டு மாரடித்திருக்க வேண்டும். கொடுத்தவர் எடுத்துக்கொண்டார், கேட்க வழியில்லை. நாயக்கர் சொல்லித்தர மறுத்தார். இங்கே சொல்லித்தராமல் கடன் மட்டும் கொடுத்திருந்தார்கள்.

இன்னொரு வகை இலவசம் உண்டு. புரோகிராமின் மூல வரிகளையே திறந்து கொடுத்துவிடுவது. யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம். எழுதியவர் நாளை சலித்துப்போய் ஒதுங்கினாலும் வேறொருவர் தொடரலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால் அங்கே குழப்பம். தமிழில் ஒன்று இலவசம், மற்றது கட்டற்றது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். மலையாளத்தில் 'சுவதந்திரம்' என்கிறார்கள். இந்த வித்தியாசத்துக்காக மல்லுக்கு நின்ற ஊர் திருவனந்தபுரம். 2001 ஜூலையில் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது இங்கேதான். ரிச்சர்ட் ஸ்டால்மனே வந்திருந்தார். அதே வருடம் ஆரம்பித்த கேரளத்தின் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், ஆசிரியர்களும் ஆர்வலர்களும் கொடுத்த நெருக்கடியில் சில வருடங்களுக்குள் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறியது. 2017-ல் 'கைட்' என்று பெயர் மாறிய அந்த அமைப்பின் தலைமையகம் கரமனைக்குப் பக்கத்துப் பேட்டையான பூஜப்புரையில். பள்ளிகளின் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களுக்கு லைசென்ஸ் வாங்காததால் ரூ.3,000 கோடி மிச்சம் என்று 2019-ல் அங்கே கணக்குச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் முழு விலை போட்ட தாராளமான கணக்காகத் தெரிகிறது. ஆனால் பாதியாக வெட்டினாலும் சின்னத் தொகை இல்லை.

அதன் பலன் வீட்டுக்குள் தெரிகிறது. கேரள அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் போட்டோஷாப்புக்கு முன்பே கிம்ப் பழக்கம். பாடப்புத்தகங்களை மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என நான்கு மொழிவழிகளில் அச்சிடும் மாநிலம் அது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995-ல் தொடங்கிய கிம்ப், இன்றும் கட்டற்றது. தெருமுனை ஸ்டூடியோவில் ஓடும் திருட்டு போட்டோஷாப்புக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. இதைப் பயன்படுத்த யாரும் திருட வேண்டியதில்லை.

கிம்ப்போடு சேர்த்துப் போட வேண்டிய பிளக்-இன் 'ஜி-மிக்'. பிரான்ஸில் நார்மண்டியின் கான் நகரில் உள்ள கிரேக் ஆய்வுக்கூடத்தில் டேவிட் ச்சும்பெர்லே 2008-ல் தொடங்கியது. மூல வரிகள் திறந்தவை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஃபில்டர்கள் ஒரே ஜன்னலுக்குள் அடங்கும். ஒரு அரசு ஆய்வுக்கூடத்தில் பிறந்து, உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் ஃபில்டர் எழுதிச் சேர்த்து வளர்ந்ததால், ஒரு கம்பெனியின் மனமாற்றத்தால் மட்டும் அழிந்துவிடாது.

நிறுவுவது கஷ்டமில்லை. தடுக்கி விழும் இடங்கள் மட்டும் சில இருக்கின்றன, அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஒரு மாலைப்பொழுது மிச்சம். முதலில் வீட்டில் இருக்கும் கிம்ப் எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும். 'ஹெல்ப்' மெனுவில் 'அபவுட்' என்பதைத் தட்டினால் சொல்லிவிடும். 2025 மார்ச்சில் கிம்ப் 3.0 வந்தபோது பிளக்-இன்கள் பேசும் பாஷையே மாறிவிட்டது. 2.10-க்காகச் செய்த ஜி-மிக் 3.0-ல் வேலை செய்யாது. அதற்கானது இதில் ஓடாது. 'போட்டும் மெனுவில் வரவில்லை' என்ற புலம்பல் எழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது எங்கிருந்து இறக்குவது. ஜி-மிக்குக்குச் சொந்த இணையதளம் இருக்கிறது. அங்கே மட்டும் போக வேண்டும். தேடல் பக்கத்தில் முதலில் கண்ணில் படுகிற, பெரிய பச்சைப் பட்டனோடு 'ஃப்ரீ டவுன்லோடு' என்று கூவி அழைக்கும் பக்கங்கள் தைலவண்ணத்தோடு வேறு பலவற்றையும் சேர்த்து இறக்கிவிடும். இலவசப் பிளக்-இன்னுக்கு ஏ.டி.எம். அட்டை எண் கேட்கும் எந்தப் பக்கத்திலும் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது.

விண்டோஸில் இன்ஸ்டாலரை ஓட விட்டால் பெரும்பாலும் உரிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜிப் ஃபைலாக இறக்கியவர்கள் அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஃபோல்டரை முழுசாகக் கிம்ப்பின் 'பிளக்-இன்ஸ்' ஃபோல்டருக்குள் போட வேண்டும். அந்த ஃபோல்டர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். 'எடிட்' மெனுவில் 'ப்ரிஃபரன்சஸ்', அதற்குள் 'ஃபோல்டர்ஸ்' என்று போனால் விலாசம் எழுதியே வைத்திருக்கிறார்கள். உள்ளிருக்கும் ஒரே ஒரு ஃபைலை மட்டும் உருவி எடுத்துப் போடுவது பலர் செய்கிற தவறு. உடன்பிறப்புகள் இல்லாமல் அது எழுந்திருக்காது. லினக்ஸில் இன்னும் சுலபம். பல விநியோகங்களின் களஞ்சியத்திலேயே ஜி-மிக் இருக்கிறது. பெயரைத் தேடிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கிம்ப்பையே ஃப்ளாட்பேக் அல்லது ஸ்னாப் வழியாகப் போட்டவர்களுக்கு, சிஸ்டத்தில் தனியாகப் போட்ட பிளக்-இன் கண்ணுக்குத் தெரியாது. அது அடைத்த டப்பாவுக்குள் ஓடுகிறது. ஃப்ளாட்பேக்காரர்கள் அதே வழியில் கிடைக்கும் ஜி-மிக்கைத்தான் போட வேண்டும்.

போட்டதும் கிம்ப்பை மூடித் திறப்பது அவசியம். புதிதாக வந்த பிளக்-இன்களை அது கண்விழிக்கும்போதுதான் எண்ணிப் பார்க்கும். இப்போது 'ஃபில்டர்ஸ்' மெனுவின் அடியில் ஜி-மிக் தெரியும். வெளிறிப்போய், தட்டினால் அசையாமல் இருந்தால் பதற வேண்டாம். படம் ஏதும் திறக்கவில்லை என்று அர்த்தம். அல்லது திறந்தது குறைந்த நிறங்கள் கொண்ட ஜிஃப் படமாக இருக்கும்; 'இமேஜ்' மெனுவில் 'மோட்' போய் ஆர்.ஜி.பி. ஆக்கினால் உயிர் வந்துவிடும். போட்டோஷாப்பை விட மனமில்லாதவர்களுக்கு அதற்கேற்ற வடிவமும் தனியே இலவசமாகக் கிடைக்கிறது. போட்டோஷாப்பின் பிளக்-இன்ஸ் ஃபோல்டரில் போட்டால் போதும். தொண்ணூறுகளின் சி.டி.களில் கிடைத்த 32-பிட் பிளக்-இன்களை இன்றைய 64-பிட் போட்டோஷாப்பில் போட்டு உயிர்ப்பிக்க மட்டும் முயல வேண்டாம். அவை சகாப்தம் முடிந்தவை.

ஜன்னல் திறந்ததும் ஒரு பக்கம் முன்னோட்டம், நடுவில் ஃபில்டர் பட்டியல், மறு பக்கம் இழுத்துக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடுகள். 'ஆர்ட்டிஸ்டிக்' பிரிவில் 'பெயின்டிங்', 'பிரஷிஃபை', 'ட்ரீம் ஸ்மூதிங்', 'குவாஹாரா' என்று வரிசையாக இருக்கும். 'ஸ்டைலைஸ்' என்பது பழைய மேதைகளின் ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்து அதன் பாணியில் உங்கள் போட்டோவை நெய்து தரும். பார்க்க வேடிக்கை. மாமாவை வான்கோ பாணியில் பார்க்க எத்தனை பேர் விரும்புவார்கள் என்பது கேள்வி. சில ஃபில்டர்கள் ரொம்ப மெதுவானவை. கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று அணைத்துவிடாமல் காத்திருக்க வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன? தைலவண்ணத் தோற்றத்துக்கு மிகப் பழைய வழி, கிம்ப்பில் பிளக்-இன் எதுவும் போடாமலே கிடைக்கிற 'ஆயிலிஃபை'. அது படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சின்னத் தேர்தல் நடத்துகிறது. புள்ளியைச் சுற்றியுள்ள வட்டாரத்தைப் பார்த்து, அங்கே எந்த ஒளி அளவுள்ள புள்ளிகள் அதிகமோ அந்தக் கட்சியின் நிறத்தை நடுப்புள்ளிக்குக் கொடுத்துவிடுகிறது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு ஏறக்குறைய ஒரே வட்டாரம் என்பதால் எல்லாம் ஒரே முடிவுக்கு வந்து, திட்டுத் திட்டாக நிறம் ஒட்டிக்கொள்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது தூரிகைப் பூச்சு. வட்டாரத்தைப் பெரிதாக்கினால் தூரிகை தடிக்கும்.

குவாஹாரா ஃபில்டர் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. இதற்கும் ஓவியத்துக்கும் பிறப்பில் சம்பந்தமே இல்லை. கதிரியக்கப் பொருளைக் கொண்டு எடுக்கும் இதயப் படங்களில் உள்ள மணல்மணலான இரைச்சலை நீக்க, ஜப்பானில் குவாஹாராவும் சகாக்களும் 1976-ல் சொன்ன முறை. புள்ளியைச் சுற்றி நான்கு கட்டம் போட்டு, எந்தக் கட்டம் அமைதியாக, அதாவது நிற வேறுபாடு குறைவாக இருக்கிறதோ அதன் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்ளும். சாதாரணமாக மங்கச் செய்தால் தாடை ஓரமும் புடவைக் கரையும் சேர்ந்தே கரைந்துவிடும். இதில் ஓரங்கள் கூர்மையாகவே நிற்க, உள்ளே மட்டும் வழவழப்பாகிறது. டாக்டர்களுக்காகச் செய்த கருவி ஓவியம் வரையத் தொடங்கியது இப்படித்தான்.

இரண்டு முறைகளுக்கும் ஒரே பலவீனம். பாட்டியின் வைர மூக்குத்தி. ஸ்கேன் செய்த படத்தில் அது நாலைந்து வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். சுற்றியிருப்பது கன்னத்தின் பழுப்பு, நூற்றுக்கணக்கான புள்ளிகள். தேர்தல் வைத்தால் மூக்குத்திக்கு டெபாசிட் போய்விடும். குவாஹாராவுக்கோ அது அமைதியைக் கெடுக்கும் இரைச்சல். கண்மணியில் விழுந்த ஜன்னல் வெளிச்சத்துக்கும் இதே கதி. அது போனதும் முகத்திலிருந்து உயிர் இறங்கி, பொம்மைக் கண் வந்துவிடுகிறது. அசல் ஓவியர் செய்வது நேர் எதிரானது. ரவிவர்மாவின் பெண்களின் நகைகளைக் கிட்டே போய்ப் பார்த்தால், மின்னும் இடத்தில் இருப்பது கெட்டியான ஒரு சின்ன வெளிர்நிறத் தீற்றல். கன்னத்தில் அரைகுறையாக விடுவார்கள். மூக்குத்தியில் விட மாட்டார்கள்.

இதைக் கம்ப்யூட்டர்காரர்கள் அறியாதவர்கள் அல்ல. 1990-ல் சிலிக்கன் கிராஃபிக்ஸைச் சேர்ந்த பால் ஹேபர்லி ஒரு வழி சொன்னார். தூரிகை எங்கே பட வேண்டும் என்பதை மனிதர் கிளிக் செய்து முடிவு செய்யட்டும், நிறத்தை மட்டும் போட்டோவிலிருந்து மெஷின் எடுத்துக்கொள்ளும். 1998-ல் நியூயார்க்கில் ஆரன் ஹெர்ட்ஸ்மன் அந்தப் பொறுப்பையும் மெஷினிடம் கொடுத்தார். முதலில் தடித்த தூரிகையால் படம் முழுக்கப் பூசி, எங்கே போட்டோவுக்கும் பூச்சுக்கும் வித்தியாசம் அதிகமோ அங்கே மட்டும் மெல்லிய தூரிகையால் திரும்பப் பூசும் முறை. ஓவியர்கள் வேலை செய்யும் வரிசையும் கிட்டத்தட்ட இதுதான். மூக்குத்தி தப்பிக்க இதில் வாய்ப்பு உண்டு. ஆனால் பாட்டியின் மூக்குத்திக்கும் பின்சுவரில் உதிர்ந்த சுண்ணாம்புக்கும் வேறுபாடு மெஷினுக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே பக்தியோடு வரையும்.

செயற்கை நுண்ணறிவு இதைத் தாண்டிவிட்டதே என்று கேட்கலாம். 2015-ல் ஜெர்மனியின் டூபிங்கன் ஆராய்ச்சியாளர்கள் நியூரல் நெட்வொர்க் மூலம் ஒரு ஓவியத்தின் பாணியை இன்னொரு படத்துக்கு ஏற்றிக் காட்டினார்கள். 2016-ல் 'பிரிஸ்மா' அதைச் செல்போனுக்குக் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் ஊரே தன் குடும்பப் படத்தை சாட்-ஜிபிடிக்கு அனுப்பி ஜிப்லி கார்ட்டூன் வாங்கிக்கொண்டது. அவை அழகாகவே இருந்தன. ஆனால் வந்தது யார் முகம்? அந்த முறையில் மெஷின் படத்தைப் பார்த்து வேறொன்றைப் புதிதாக வரைகிறது. தாத்தாவின் மூக்கு கொஞ்சம் நேராகலாம், பாட்டிக்குப் பத்து வயது குறையலாம். செத்துப்போனவர்கள் ஆட்சேபிக்க வரப்போவதில்லை. போதாததற்கு, குழந்தைகள் உட்பட மொத்தக் குடும்பத்தின் முகங்களும் ஏதோ ஒரு கம்பெனியின் சர்வருக்குப் போய்ச் சேர்கின்றன. ஜி-மிக் போன்ற பிளக்-இன் புது ஃபில்டர்களை இறக்கத்தான் இன்டர்நெட்டை நாடுகிறது. படம் வீட்டு மேஜையை விட்டு நகராது. ஒயரைப் பிடுங்கிவிட்டும் வேலை செய்யலாம். இருக்கிற புள்ளிகளைக் கொஞ்சம் கலைத்து அடுக்குகிறது. தெருக் காட்சிக்கு எதுவானாலும் சரி. முன்னோர் படத்துக்கு இந்த அடக்கமான கருவிதான் பொருத்தம்.

செய்முறையில் பலர் சறுக்குவது அளவு விஷயத்தில். செல்போன் திரையில் பார்த்து ஃபில்டர் போட்டுவிட்டு, பிறகு பெரிதாக்கி அச்சுக்குக் கொடுக்கிறார்கள். தூரிகைத் தடமும் கூடவே பெரிதாகி, முகம் ஓடு வேய்ந்த கூரையாகிவிடுகிறது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். 12-க்கு 18 அங்குலப் படம் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3,600-க்கு 5,400 வரும். முதலில் போட்டோவை அந்த அளவுக்குக் கொண்டுவந்து, கீறல்களையும் பூஞ்சைக் கறைகளையும் சுத்தம் செய்து, கடைசியாகத்தான் ஃபில்டர். கறையை விட்டுவைத்தால் அதற்கும் தைலவண்ணம் பூசிக் கௌரவிக்கும். கறுப்பு-வெள்ளைப் படம் கறுப்பு-வெள்ளை ஓவியமாகத்தான் வரும். அதற்கு லேசாகப் பழுப்பு ஏற்றினால் போதும். அந்தக் காலப் புடவைக்கு யாரோ ஊகித்துக் கொடுக்கும் கிளிப்பச்சையைவிட அது எவ்வளவோ கண்ணியம்.

ஃபில்டரை மூலப் படத்தின் மேல் நேரடியாகப் போடவும் கூடாது. படத்தின் லேயரை நகல் எடுத்து, மேலே உள்ளதில் மட்டும் போட வேண்டும். பிறகு அந்த லேயருக்கு ஒரு வெள்ளை மாஸ்க் மாட்டி, மென்மையான தூரிகையைப் பாதி அழுத்தத்தில் வைத்து, கண், உதடு, விரல் நுனிகள் மேல் கறுப்பால் தடவினால், அடியிலிருக்கும் அசல் முகம் மெல்ல எட்டிப்பார்க்கும். பின்சுவர், நாற்காலி, வேஷ்டி மடிப்பு எல்லாம் தைலவண்ணமாகவே இருக்கட்டும். ஸ்கேன் செய்த அசல் ஃபைல் தனியே பத்திரமாக இருக்க வேண்டும். வேலை செய்த படத்தைக் கிம்ப்பின் சொந்த எக்ஸ்.சி.எஃப். வடிவில் லேயர்களோடு சேமித்தால், பெரிய அத்தை வந்து இது அம்மா மாதிரியே இல்லை என்று சொல்லும்போது திருத்த வழியிருக்கும். அச்சுக் கடையில் கான்வாஸ் துணியில் எடுத்தால் கண்ணாடி வேண்டாம், பளபளப்புக் குறையும். காகிதம் என்றால் மேட் ரகம் கேட்க வேண்டும்.

மூக்குத்தியை மாஸ்க் ஓரளவுதான் மீட்கும், பழைய போட்டோவிலேயே அது மங்கல். எல்லாவற்றுக்கும் மேலே காலியாக ஒரு லேயர் போட்டு, தூரிகையை நாலைந்து புள்ளி அளவுக்குச் சிறிதாக்கி, படத்தை நானூறு சதவீதம் பெரிதாக்கிக்கொண்டு, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து, வெள்ளையில் ஒரே ஒரு புள்ளி கையால் வைக்க வேண்டும்.